மூணாவது விளி

“மாமி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. எல்லாரும் பாக்கிறாங்க.”

பினாங்கு மலை ரயிலில் ஏறியதிலிருந்து ஜிஷா இதை நான்காவது தடவையாகச் சொல்கிறாள். கோட்டாறில் கான்வென்ட் படிப்பு படித்தவள். கணவன் சிஜோவோடு இங்கே குடித்தனம் வந்து மூன்று வருஷமாகிறது. மாமியார் இசபெல்லுடையதோ, கடியப்பட்டணம் கடற்கரையில் முப்பது வருஷம் மீன் ஏலம் கூவிய தொண்டை. அது மெதுவாக வருமா?

“இஞ்ச ஆருக்கு ஏட்டி நம்ம பேச்சு வெளங்கப் போவுது?” என்றாள் இசபெல், இன்னும் சத்தமாக.

சிஜோவுக்கு டூட்டி. ஊர் சுற்றிக் காட்டும் வேலை ஜிஷாவின் தலையில் விழுந்திருந்தது. மானம் போகாமல் பொழுது சாய்ந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மலை உச்சியில் ஒரே மூட்டம். நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கம்பி வேலியோரம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள் ஜிஷா.

“ஏட்டி ஜிஷா, இஞ்ச வா மக்கா!” என்று மாமியார் கூப்பிட்டாள்.

அடுத்த நொடி, எதிர்ப்பக்கம் மூட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் அதையே சொன்னது.

“இஞ்ச வா... மக்கா...”

ஒவ்வொரு எழுத்தையும் தடவிப் பார்ப்பது மாதிரி, மெதுவாக.

“யாரு?” என்று கேட்கப்போன ஜிஷாவின் வாயை ஓடி வந்து பொத்தினாள் இசபெல்.

“ஏன்னு பதிலு குடுத்துராத! ஆளு தெரியாம விளிச்சா மூணு விளி கேட்ட பொறவுதான் பதில் சொல்லணும். கடல்ல செத்துப்போனதுவளுக்கு மூணாவது விளி விளிக்க ஏலாது.”

சொல்லிவிட்டு நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள்.

“சும்மா பயங்காட்டாதீங்க மாமி” என்றாள் ஜிஷா. ஆனால் ‘யாரு’ என்று அவளும் கேட்கவில்லை.

இறங்கும் ரயிலில்தான் அவனைக் கவனித்தாள். மஞ்சள் மழைக்கோட்டு போட்டவன். அவன் இசபெல்லின் கழுத்துச் சங்கிலியைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இசபெல்லின் உதடு அசையும்போதெல்லாம் அவன் உதடும் சத்தமில்லாமல் அசைந்தது.

ஜிஷா மாமியாரை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டுக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

அடிவாரத்துத் தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரத்தடியில் நின்றார்கள். சுற்றுவட்டாரத்தில் ஆள் அரவமில்லை. பக்கத்து மூங்கில் புதருக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

“ஏட்டி... ஜிஷா...”

இந்தத் தடவை அவள் பெயர்.

மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள் ஜிஷா. பின்னால் சருகு நொறுங்கியது. இவர்கள் நின்றால் அதுவும் நின்றது. வாசலுக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது.

“ஏட்டி ஜிஷா, இஞ்ச வா மக்கா!”

முதுகுக்குப் பின்னால். அச்சு அசல் இசபெல்லின் ராகம்.

இசபெல் நின்றுவிட்டாள். “மூணு விளி ஆயாச்சு. இது மனுஷன்தான்.” திரும்பி, “ஏன் மக்கா?” என்றாள்.

புதரை விலக்கிக்கொண்டு மஞ்சள் மழைக்கோட்டுக்காரன் வந்தான். நேபாளத்து முகம். கையில் செல்போன், குரல் பதிவாகிக்கொண்டிருந்தது.

ஜிஷாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. “எங்க பேச்சை எதுக்குப் பதிவு பண்றே? போலீசைக் கூப்பிடட்டுமா?” என்று ஆங்கிலத்தில் சீறினாள்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான்:

“என் ரூம்காரன் இஞ்ஞாசி. கன்னியாகுமரிக்காரன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஒன்பது நாளாகக் கண் திறக்கவில்லை. போனும் நொறுங்கிப்போனது. வீட்டு நம்பர் எனக்குத் தெரியாது. அவன் பாஷையில் பேசிக்கொண்டே இருங்கள் என்கிறார் டாக்டர். இங்கேயுள்ள தமிழ் நர்சுகள் பேசிப் பார்த்தார்கள். விரல்கூட அசையவில்லை. ஆறு வருஷமாக என்னை அவன் ‘மக்கா’ என்றுதான் கூப்பிடுவான். காலையில் மலைக்கு வேலைக்குப் போகும்போது ரயிலில் அதே வார்த்தை, அதே ராகம். வேலைக்குப் போகாமல் உங்கள் பின்னாலேயே வந்துவிட்டேன். சாயங்காலம் அவன் காதில் சொல்வதற்குப் பழகிக்கொண்டிருந்தேன். சரியாகச் சொன்னேனா, மேடம்?”

“இதை முதல்லயே வந்து கேட்டிருக்கலாமே!”

“கேட்க நினைத்தேன். நீங்கள்தான் அந்த அம்மாவை வாயைத் திறக்கவே விடவில்லையே.”

ஜிஷா போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். விஷயத்தை மாமியாரிடம் நாலு வார்த்தையில் சொல்லி, போனை அவள் வாயருகே பிடித்தாள்.

“சத்தமாப் பேசுங்க மாமி. நல்லா சத்தமா!”