தேடிய இடங்கள்

‘டமார்!’

சமையலறையிலிருந்து ஓடி வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடிகார மெக்கானிக்கான கணவன் மாதக்கணக்கில் மெனக்கெட்டு ஓடவைத்த சுவர்க் கடிகாரம் ஹாலில் சுக்குநூறாகக் கிடந்தது. பக்கத்தில் பந்து. மகளைக் காணோம்!

“குட்டிம்மா! பயப்படாம வெளிய வாடா!”

கட்டிலுக்கடியில் தவழ்ந்து பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இல்லை!

“ஆண்டவரே, என் புள்ளையக் காட்டும்!”

‘பிதாவே’ என்று அவள் ஒருநாளும் ஜெபித்ததில்லை. “அப்படிச் சொன்னா வாய் சுளுக்கிக்குமா?” என்று காலையில்கூடக் கணவன் கிண்டலடித்திருந்தான்.

வாசல் பக்கத்துப் பட்டறைக்கு ஓடினாள். கணவன் மடியில் மகள், கையில் உடைந்த கடிகார முள்ளோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

“அடிப்பாவி! நேரா இங்கயா வந்தே?”

“உடைஞ்சா அப்பாகிட்டதானேம்மா வரணும்?”

கணவன் சிரித்தான். “உன் முழங்காலெல்லாம் தூசி! கட்டிலுக்கடியில போயா தேடினே? ஏன்?”

அவள் கண்ணைத் துடைத்தபடி, துள்ளாத குறையாகச் சொன்னாள்: “எங்கப்பா பெல்ட்டை உருவினா நான் அங்கதாங்க ஒளிஞ்சுக்குவேன்! அதான் ஜெபத்துல ‘பிதாவே’ங்கிற வார்த்தை வரவே இல்ல... இனிமே வரும்ங்க, ‘அப்பா’ன்னே கூப்பிடுவேன்!”