நீட்டிய கை

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்டு, எழுதப்படாமலே போன ஒரு மொழியின் விகுதி அது. பெயர் 'ரோ'. வேர்ச்சொல் ஒன்றோடு சேர்ந்தால் அதைப் பண்புச்சொல்லாக்கும். தனியே நின்றால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. அதனால், அந்த மொழியை ஊகத்தால் மீட்டெடுக்க முயலும் ஒரு பண்டிதரின் ஏட்டில் சிறு கோடு ஒன்றைக் கையாக நீட்டியபடியே நின்றது. துணைக்குத் தலைமாட்டில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும்.

"அண்ணே, என்னை யாராச்சும் வாயால சொல்லியிருப்பாங்களா?"

"சொன்னதுக்குச் சாட்சி இல்லப்பா. சாட்சி இல்லாதவங்க தலைமாட்டுலதான் என்னைக் காவலுக்கு வைப்பாங்க" என்றது நட்சத்திரம்.

ஒருநாள் பண்டிதர் சூட்டைக் குறிக்கும் வேர்ச்சொல் ஒன்றைப் பென்சிலால் பக்கத்தில் எழுதினார். நீட்டிய கை அதைப் பற்றிக்கொண்டது. 'வெதுவெதுப்பான' என்று பொருள் எழுதி, இரண்டையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தார்.

"கேட்டீங்களாண்ணே? சொல்லிட்டாங்க! இனிமே நீங்க எனக்கு எதுக்கு? கிளம்புங்க!"



பண்டிதர் இன்னொரு முறை படித்தார். உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கு வேற விகுதிதான் பொருந்தும்" என்று முணுமுணுத்து, ரப்பரால் வேர்ச்சொல்லை அழித்துவிட்டு ஏட்டை மூடினார்.

ரோவுக்குக் கையை மடக்கத் தெரியாது. வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு, தலைமாட்டுப் பக்கம் திரும்பாமலே மெல்லக் கேட்டது:

"அண்ணே... இருக்கீங்களா?"