பாடம் படித்தவர்

"பத்து வீடு ஏறி இறங்கிட்டேன் அக்கா. எல்லாருக்கும் கன்னடம் தெரியுது. தெரியாத ஒருத்தர் கிடைக்கலைன்னா என் ஆராய்ச்சி அவ்ளோதான்" என்றான், மைசூரிலிருந்து டேப்ரிக்கார்டரைச் சுமந்து வந்த ஆனந்தன். வாத்தியாரே வேண்டாம், மிஷினே மொழி கற்றுக்கொடுக்கும் என்பது அவன் கட்சி.

"எனக்குத் தெரியாதுப்பா. உள்ள வா" என்றாள் தாயம்மா.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், அந்த வீட்டில் முப்பது நாள் டேப் ஓடியது. தாயம்மா திக்கித் திக்கித் திருப்பிச் சொல்வாள். ஷிப்ட் முடிந்து வந்த அவள் கணவர் தங்கவேலு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்.

கடைசி நாள் ஆனந்தனின் பேராசிரியர் ஜீப்பில் வந்து கன்னடத்தில் கேட்டதற்கெல்லாம் அவள் மளமளவென்று பதில் சொன்னாள். ஆனந்தன் கண்கலங்கக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஜீப் மறைந்ததும் தங்கவேலு சிரித்தார். "இன்னாமே, பூதிகோட்டையில பொறந்தவ நீ. கன்னடத்துல சண்டையே போடுவ. அந்தப் புள்ளைய ஏமாத்திட்டியே."

"மூஞ்சி வாடி நின்னுச்சு, மனசு கேக்கல. ஆனா அந்த மிஷினு யாருக்கும் ஒண்ணும் கத்துக்குடுக்கலியே" என்று தாயம்மா கலங்கினாள்.

இருபது வருஷமாகக் கன்னடமே வாயில் வராத தங்கவேலு, "சிந்தெ மாடபேடா, ஊட்டா மாடோணா பா" என்று, கவலைப்படாதே எனச் சொல்லி அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார், டேப்பில் வரும் அதே குரலில்.