ஐந்தாவது பெயர்

பேனரில் நாலு பெயர் இருந்தது. ஐந்தாவதாக, தாட்சாயிணி என்று என் பெயரை நானே அடித்தேன்.

சித்ரா சித்தி மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். பூந்தமல்லியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவள். பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் அவளிடம் டிசைன் வேலைக்கு வந்திருக்கிறேன்.

கிரணும் என்னோடு வருவதாக இருந்தது. இப்போது அவனுக்கே கண்ணீர் அஞ்சலி பேனர் செய்துகொண்டிருக்கிறேன்.

காய்ச்சல். நாலே நாள். நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம்.

அவன் வகுப்புப் பையன்கள் நாலு பேர், பெயர்ச் சீட்டும் கூலிங் கிளாஸ் போட்ட போட்டோக்களும் கொடுத்திருந்தார்கள். ராகேஷ் தன் பெயருக்கு மேல் 'உயிர் நண்பன்' என்று தனியாகப் போடச் சொன்னான். போன மாசம் கிரணின் சட்டைப் பாக்கெட்டைக் கிழித்தவன். ஒருத்தன் செத்துப்போனால் போதும், யார் வேண்டுமானாலும் உயிர் நண்பன் ஆகிவிடலாம் போல.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழாவதிலிருந்து அவனோடு ஒரே பஸ்ஸில் போனவள் நான். கணக்கு வராமல் நான் அழுதபோதெல்லாம், அழுது முடித்துவிட்டுச் சொல் என்று பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றவன் அவன்.

சித்தி என் பெயரை எடுக்கச் சொன்னாள். பையன் பேனரில் பொம்பளைப் பிள்ளை பெயர் வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்றாள்.

உலைமூடி எதற்கு, எட்டுக்கு ஆறு ஃப்ளெக்ஸ் இருக்கிறதே என்றேன்.

ராகேஷும் எட்டிப் பார்த்து, இடம் பத்தாது என்றான். அவன் போட்டோவைப் பாதியாகச் சுருக்கினேன். தாராளமாக இடம் வந்துவிட்டது.

கடைசியில் சித்தி, அவன் அம்மா வந்து பார்க்கட்டும், அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும் என்றாள். வரட்டும் என்றேன். என்ன கேட்டாலும் சொல்வதற்குப் பதில் வைத்திருந்தேன்.

சாயங்காலம் கிரணின் அம்மா வரலட்சுமி வந்தார். அவரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மகனின் முகத்தை அவர் பார்க்கவில்லை. திரையில் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார்.

ஐந்தாவதில் விரல் நின்றது. எடுத்துவிடுகிறோம் என்று சித்தி பதறினாள். எடுக்க மாட்டேன், அது நான்தான் என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பதினஞ்சு நாளா, ஊட்டுக்கு வர்ற பொண்ணுங்களையெல்லாம் நீயா நீயான்னு பாத்துகினு கீறேன். ஏன்மா வரல?"



வீடு தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கேட்டால் யாரும் வழி சொல்லியிருப்பார்கள். அம்மா விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். என்னை யாரும் தடுக்கவில்லை. அவனைக் கிடத்தியிருப்பதைப் பார்க்கப் பயந்துகொண்டு, அவனை எடுத்த அன்று முழுக்க இதே நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கோ காதுகுத்து பேனர் செய்துகொண்டிருந்தேன்.

பயமாக இருந்தது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேனர் ஐந்து பெயரோடு அச்சாகி வந்தது. சுருளின் ஒரு முனையை அவர் தூக்கினார், மறுமுனையை நான் தூக்கிக்கொண்டேன்.

நாளைக்கு வேலைக்கு வர மாட்டேன் என்று சித்தியிடம் சொன்னேன். லீவு கேட்கவில்லை. சொன்னேன்.