பழையதிலிருந்து புதியதற்கு

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேஜைமேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. ஆடிட்டரின் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறது. அதிலிருக்கும் மெயில்களும் போன் நம்பர்களும் பக்கத்திலுள்ள புதியதற்கு ஊர்ந்துகொண்டிருக்கின்றன. மதியத்திலிருந்து அதற்குக் காவல் இருக்கும் டைப்பிஸ்டுக்குக் கண் எரிகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலைக் குளிர்ந்த தரையில் வைத்துக்கொள்கிறாள். டீயில் ஆடை படிந்துவிட்டது. புதிய திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன: ‘பிளம்பர்’, ‘பிளம்பர் நல்லவர்’, ‘மச்சான் எடுக்காதே’. அவளுக்குக் களைப்பிலும் சிரிப்பு வருகிறது. அடுத்து வருவது ‘புதுப் பொண்ணு டைப்பிங்’. நமக்குத் தெரியாமல் யாரது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்கிறாள். கீழே இருப்பது அவளுடைய நம்பர்தான். இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது வயிற்றில் இருந்த மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பெயரை மாற்றிவிடலாம், இரண்டு தட்டு தட்டினால் போதும். விரல் விசைமேல் நிற்கிறது. உள்ளறையிலிருந்து ஆடிட்டர் குரல் கொடுக்கிறார். “என்னம்மா, எல்லாம் அப்படியே வந்துடுச்சா? ஒண்ணும் மாறலையே?” அவள் விரலை எடுத்துவிட்டு, காலால் செருப்பைத் துழாவுகிறாள். “ஒண்ணும் மாறல சார்.”