ஓசையில்லாத தோட்டாவும் ஒரு தொட்டிலும்

ஐலா பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். அவள் புருஷன் ஓஸ்மோ காப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

டப்பாவில் இருந்தவை புத்தாண்டு வெள்ளீயங்கள். வருஷம் பிறக்கும்போது உருக்கி, வாளித் தண்ணீரில் ஊற்றி, விழுகிற உருவத்தை வைத்துப் பலன் பார்த்த கட்டிகள். முப்பத்தெட்டு வருஷத்துப் பலன் அதற்குள் கிடந்தது.

அதில் ஒன்று தொட்டில். எட்டு வருஷம் காத்திருந்த பிறகு அது விழுந்தது. அந்த வருஷமே மகள் வென்லா பிறந்தாள்.

இப்போது நாலு மாத வயிற்றோடு எதிரே உட்கார்ந்திருந்தவளும் அதே வென்லாதான். தொட்டிலைப் பார்ப்பதற்கென்றே குஹ்மோவிலிருந்த அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

அந்தத் தொட்டிலைத்தான் போன வாரம் ஓஸ்மோ குண்டாக வார்த்துச் சுட்டிருந்தார்.

அவருக்கு ஓசையில்லாத தோட்டா செய்கிற பைத்தியம். இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் வாயை மூடத் தெரியாத மனிதர், துப்பாக்கியின் வாயை மூட இரண்டு குளிர்காலங்களைச் செலவழித்தார். காரீயத்தை உருக்கி அச்சில் வார்ப்பார். பழைய தோட்டாக் கூட்டில் வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே குண்டைப் பொருத்துவார். குண்டு ஒலியைவிட மெதுவாகப் போக வேண்டும். முந்தினால் காது கிழியும்.

மெதுவாகத்தான் போயிற்று. குறி வைத்த பலகையின் நாலு மூலையிலும் பட்டது, நடுவில் மட்டும் படவில்லை.

காரீயத்தோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் அச்சில் நன்றாக நிறையும் என்று எங்கோ படித்தார். கடை தொண்ணூறு கிலோமீட்டர். பிஸ்கட் டப்பா இருந்த அலமாரியோ ஆறு அடி. இருந்ததிலேயே பெரிதாக, அசிங்கமாக இருந்த கட்டியை எடுத்தார்.

ஐம்பது மீட்டரில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போயின. பக்கத்து வீட்டு நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. ஓஸ்மோ தன்னை ஒரு மேதை என்றே முடிவு செய்து, வேட்டைச் சங்கத்து ஆட்கள் பதினோரு பேருக்கும் போன் போட்டு, "ரகசியம் உங்க வீட்டுப் புத்தாண்டு டப்பாவுலதாண்டா இருக்கு" என்றார்.

மேதை வியாழக்கிழமை வரை தாக்குப்பிடித்தார். அன்றைக்கு ஐலா மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பெருசா, அசிங்கமா ஒண்ணு கிடக்குமே, அதாண்டி தொட்டில்."

பலகைக்குப் பின்னால் குண்டுகள் புதைந்திருந்த உறைந்த மணல்மேட்டில் வெந்நீரை ஊற்றித் தோண்டினார். மாவுச் சல்லடையில் சலித்தார். சுடாமல் மீந்த தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். எல்லாவற்றையும் உருக்கி வாளியில் ஊற்றினார். பன்றி வந்தது. அடுத்தது பூட்ஸ். மறுபடியும் பன்றி; பலன் தனக்குத்தான் என்று புரிந்தது. ஏழாவது தடவை, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் தொட்டில் என்று சொல்லக்கூடிய ஒன்று வந்தது.

அதைத்தான் இப்போது ஐலா ஒரு துணியால் பிடித்து எடுத்துத் தட்டில் வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டினால் பரவாயில்லை, அழுதுவிட்டால் என்ன செய்வது என்று ஓஸ்மோ யோசித்தார்.

வென்லா கையை நீட்டினாள்.

"தொடாதடி, பார்த்தாப் போதும்," என்றாள் ஐலா.

எவ்வளவு பயபக்தி. ஓஸ்மோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வென்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரிலிருக்கும் புருஷனைக் கூப்பிடப் போனாள். கதவு சாத்தும் வரை ஐலா காத்திருந்தாள். ஏலக்காய் பன் தட்டை ஓஸ்மோ பக்கம் தள்ளினாள்.

"அசல் தொட்டில் வீடு மாத்துனப்பவே என் கையால தொலைஞ்சு போச்சு, ஓஸ்மோ. டப்பாவுல கிடந்தது உன் பட்டறைத் தரையில நான் கூட்டி அள்ளுன காரீயம், பிள்ளைத்தாச்சி தொடக் கூடாத விஷம். அதுவாவது பார்க்கத் தொட்டில் மாதிரி இருந்துச்சு."

ஓஸ்மோ ஒரு பன்னை எடுத்தார். கடிக்கவில்லை.

வேட்டைச் சங்கத்தில் பதினோரு பேர் இந்நேரம் அவரவர் வீட்டு டப்பாவைத் திறந்திருப்பார்கள்.