மேகம் விலகிய பிறகு

நட்சத்திரம் பார்க்க நான்கு நண்பர்கள் மலையேறி வந்தார்கள். வந்து சேர்ந்ததும் மேகம் மூடிக்கொண்டது. டெலஸ்கோப்பைத் திரும்பவும் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

"எனக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தாங்க. பாவம், இனி கிளம்பிடுவாங்க" என்று பைக்குள்ளிருந்து அது வருத்தப்பட்டது.

"கிளம்பலை. டீ குடிக்கிறாங்க" என்றது வெளியே இருந்த பிளாஸ்க்.

போன முறை சனியின் வளையத்தை முதலில் பார்த்தது யார் என்று மெஹருன்னிசாவும் தணிகைவேலும் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார்கள். மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

"மேகம் விலகிடுச்சா?" என்று கேட்டது டெலஸ்கோப்.

"விலகி ரொம்ப நேரமாச்சு. அந்தச் சனியே தலைக்கு மேல நிக்குது. யாரும் நிமிர்ந்து பார்க்கலை."

"நீயாவது சொல்லேன்."

"சொல்றேன். என்கிட்ட இன்னும் கொஞ்சம் டீ இருக்கு. அது தீரட்டும்."